ஆறு ஆணி அடித்த ஜன்னல்

முதலில் தப்பு செய்தவர் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன்தான். ஏழு வருடம் ஆகிறது. ஒரு விருந்தில், நாற்பது பேர் கையில் தட்டோடு நிற்கும்போது, தையற்காரர் தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கையை நீட்டிக் காட்டி, “இடது கை அரை இஞ்ச் குட்டை” என்றார். நாற்பது பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அதில் பதினொரு பேர் சிரித்தார்கள். அந்தப் பதினொரு முகமும் தையற்காரருக்கு இன்றுவரை வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

அன்று வீடு திரும்பியதும் தையல் அறை ஜன்னலைச் சாத்தினார். அதைத் திறந்தால் சந்துக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியனின் ஜன்னல் தெரியும். ஆறு ஆணி அடித்தார்.

“அந்த ஆள் வந்து மன்னிப்பு கேக்கற வரைக்கும் இது திறக்காது” என்று மனைவியிடம் அறிவித்தார்.

“அவர் செஞ்சதுக்கு காத்து என்னங்க பண்ணும்?”

அதற்கு அவர் திரையையும் இழுத்துவிட்டார்.

அடுத்த மாதமே மின்சார இஸ்திரிப் பெட்டி உயிரை விட்டது. அந்தத் தெருவில் அதற்கு உயிர் கொடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தையற்காரர் பரணில் கிடந்த பழைய கரிப் பெட்டியை இறக்கினார். அன்றிலிருந்து, மூடிய அறையில், கனலும் கரியோடு, சட்டை சட்டையாகத் தேய்த்துத் தள்ளினார். மத்தியானம் ஆனால் தலை வலிக்கும். கண் சொருகும். நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு, “நீ பேசிப் பேசியே என் மண்டையைப் பொளக்கறே” என்பார் மனைவியிடம்.

“ஞாயித்துக்கிழமை நான் ரெட்டிப்பாப் பேசறேன். அன்னிக்கு ஏன் வலிக்கல?”

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி கிடையாது. ஆனால் அவர் யோசனை அந்தப் பக்கம் போகவில்லை. அவள் யோசனை போயிற்று.

ஒரு திங்கட்கிழமை அவள் கடைக்குப் போய் இரண்டு கருவிகள் வாங்கி வந்தாள். முதலில் நீட்டிய பெட்டியைத் திருப்பிப் பார்த்து, “இதுக்கு ஆயுசு முடிய இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு, புதுசு எடுங்க” என்று கேட்டு வாங்கினாளாம். கடைக்காரருக்கே அந்தத் தேதி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்ததாம். சும்மா சொல்லக் கூடாது, சாமான் வாங்குவதில் அவளை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை.

“வட்டமா இருக்கறது புகை வந்தாக் கத்தும். சதுரமா இருக்கறது கார்பன் மோனாக்சைடு வந்தாக் கத்தும்.”

“அது என்ன எழவு?”

“கரி எரியும்போது வர்ற விஷக் காத்துங்க. கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. முதல்ல தலை வலிக்கும். அப்புறம் தூக்கம் வரும். அப்புறம் எழுந்திரிக்கவே வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரர் அதைக் கவனித்திருக்கலாம். ஆனால் அவர் அப்போது ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் அடுப்புக்கு நேர் மேலே மாட்ட வேண்டும். அடுப்பைப் பற்ற வைத்ததும் கருவி கத்த வேண்டும். தலைவலி அவள் அடுப்பிலிருந்துதான் கிளம்புகிறது என்று ஊருக்கே கேட்க வேண்டும்.

“ரெண்டும் சமையலறைக்குத்தான். அங்கதான் ஆபத்து அதிகம்.”

“புகைக் கருவியை அடுப்புக்கு மேல மாட்டினா எண்ணெய் காஞ்சாலே கத்தும்ங்க. கத்தற தொல்லை தாங்காம நாமளே பேட்டரியைப் பிடுங்கிடுவோம். படுக்கற ரூமுக்கு வெளியில, கூரை நடுவுல மாட்டணும்னு போட்டிருக்கு.”

பேட்டரியைப் பிடுங்கும் ஆள் யார் என்று இருவருக்கும் தெரியும். வட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

“சதுரம் சமையலறைக்கு. அதுல பேச்சே கிடையாது.”

“அங்கயே மாட்டுங்க. எதிர்வீட்டுத் தம்பிகூட அதையேதான் சொல்லுச்சு.”

தையற்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

“அவன் என்ன சொன்னான்?”

“விடுங்க. எதுக்கு.”

“என்ன சொன்னான்னு கேட்டேன்.”

“சமையலறையில சும்மா ஒரு ஆணியில தொங்கவிட்டுடலாம் அக்கா, தையல் ரூம்ல மாட்டறதுன்னா அளவு பார்த்து மாட்டணும், அது உங்க வீட்டுக்காரருக்கு வராதுன்னு சொல்லுச்சு. எப்படியும் அரை இஞ்ச் தள்ளிப் போயிடுமாம்.”

அந்த அரை இஞ்ச்தான் வேலை செய்தது. தையற்காரர் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டார். காதில் சாக்கட்டியைச் செருகினார். “அந்தக் காகிதத்தைப் படி” என்றார். அவள் படித்தாள். அவர் அளந்தார். இஸ்திரி மேஜையிலிருந்து ஆறடி தள்ளி, நிற்கிற ஆள் மூச்சு விடுகிற உயரத்தில், திரைக்குப் பின்னால் போகாமல், அலமாரி மறைக்காமல். மூன்று தடவை அளந்து ஒரு தடவை கோடு போட்டார். மாப்பிள்ளை கோட்டுக்குக்கூட அவர் அப்படி அளந்ததில்லை. மாட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோது, சுவரில் ஒரு காலர் பட்டன் போல அது கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

“நூல் பிடிச்ச மாதிரி இருக்குங்க” என்றாள் அவள். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிற பொத்தானையும் காட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் அவசர வேலை. பள்ளிக்கூடத்துச் சீருடை அறுபது. கரியைப் போட்டு விசிறி, கதவைச் சாத்திக்கொண்டார். இருபதாவது சட்டை வரை கருவி சாதுவாக இருந்தது. இருபத்தொன்றாவதில் கூவியது. நான்கு கூவல், சற்று மூச்சு, மறுபடி நான்கு. சந்தில் படுத்திருந்த நாய் எழுந்து நின்று பதில் சொன்னது.

“இது பொய் சொல்லுது” என்று தையற்காரர் அதைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இப்போது வசமாக மாட்டிக்கொண்டாள் என்று அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டினார். கருவி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வாயை மூடிக்கொண்டது. அதைவிட ஆச்சரியம், அங்கே நின்ற கால் மணி நேரத்தில் அவர் தலைவலியும் பாதி இறங்கியிருந்தது. திரும்ப அறைக்குக் கொண்டுபோனார். மறுபடி கூவியது.

மனைவி வாசல்படியில் நின்றாள். “கரியை முற்றத்துல கொட்டிட்டேன்னா ஆச்சு. ஆனா உள்ள நிக்கற காத்து எந்த வழியாப் போகும்?”

“கதவு வழியாப் போகட்டும்.”

“அப்ப நம்ம ரூமுக்குள்ள வரும். பரவாயில்ல. சேர்ந்தே போய்ச் சேருவோம்.”

தையற்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் கரிப் பெட்டியைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார். பிறகு ஆணி பிடுங்கும் குறடை எடுத்தார். ஆறு ஆணி, ஏழு வருடத் துரு, சுலபத்தில் வராது என்று காலை ஊன்றிக்கொண்டு, திரையை விலக்காமலே சட்டத்தில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார்.

ஜன்னல் படாரென்று திறந்தது. இடுப்புவரை சந்துக்குள் போய்விட்டார். ஆணி ஒன்றுகூட இல்லை.

“பட்டன் டப்பாவுல இருக்கு, ஆறும்” என்றாள் மனைவி, அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தபடி. “போன வாரமே பிடுங்கிட்டேன்.”

“பிடுங்கினவ திறந்திருக்கலாமே?”

“நான் திறந்தா நீங்க பன்னிரண்டு அடிப்பீங்க. நீங்களா திறந்தா மூட மாட்டீங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருடமாகத் துணி வெட்டுகிறார். இவ்வளவு சுத்தமான வெட்டு அவர் கைக்கு வந்ததில்லை.

எதிர் ஜன்னலில் எலக்ட்ரீஷியன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“கருவி மாட்ட எனக்கு வராதுன்னு சொன்னியாமே?” என்றார் தையற்காரர்.

“நானா? எந்தக் கருவி? அக்கா என்கிட்ட பேசியே ஏழு வருஷம் ஆச்சுண்ணே.”

தையற்காரர் மெதுவாகத் திரும்பினார். மனைவி அங்கே இல்லை. சற்று நேரத்தில், பழுதான மின்சார இஸ்திரிப் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, அவர் தோளுக்கு மேலாக ஜன்னல் வழியே நீட்டினாள். “தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க.”

சந்து குறுகலானது. எலக்ட்ரீஷியன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பதிலுக்கு உள்ளே போய் அந்தக் கோட்டை எடுத்து வந்து இந்தப் பக்கம் நீட்டினார். “ஜன்னல் திறந்தாக் கொடுக்கலாம்னு வெச்சிருந்தேண்ணே. இடது கை.”

மன்னிப்பு என்ற சொல் எலக்ட்ரீஷியன் வாயில் வரவில்லை. தையற்காரர் காத்திருந்து பார்த்தார். இஸ்திரிப் பெட்டி பழுது பார்த்து வந்தது. கோட்டின் கை அரை இஞ்ச் இறங்கியது. ஆளுக்குக் கை வளர்ந்துவிட்டது என்று தையற்காரர் தீர்ப்பு எழுதினார். அதன் பிறகும் மன்னிப்பு வரவில்லை.

“அந்த மன்னிப்பு வர்றதுக்காகத்தான் ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்” என்றார் மனைவியிடம்.

“வரட்டும்” என்றாள் அவள். “அது வர்ற வரைக்கும் காத்து வரட்டும்.”