தசைநாதரின் இஞ்ச் டேப்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தை. மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பு எங்கள் தெருவில், பழைய தட்டச்சுப் பள்ளியின் மாடியில் நிகழ்ந்தது: மாதக்கணக்கில் படுத்தே கிடந்தாலும் உடம்பில் ஒரு குன்றிமணி சதைகூடக் குறையாது. பொடி மட்டும் சாப்பிட வேண்டும். பொடி தசைநாதரிடம் மட்டும்தான் கிடைக்கும்.

தசைநாதர் வெள்ளைக் கோட்டு போட்டு, அதன் மேல் பட்டுத் துண்டு போர்த்தியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பயப்படுகிறவனும் ஆண்டவனுக்குப் பயப்படுகிறவனும் ஒரே வரிசையில் நிற்கலாம் அல்லவா? நின்றார்கள். மாடிப்படி முழுக்க நின்றார்கள். முதுகு பிடித்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், ஒரு நோவும் இல்லாத சோம்பேறிகள். மூன்றாவது வகைதான் அதிகம். படுத்துக் கிடப்பதற்கு ஒரு தத்துவமும் கிடைத்தால் யார் விடுவார்கள்?

தத்துவம் இதுதான். உடம்பு ஒரு தளும்பும் குடம். அசைந்தால் சத்து சிந்திவிடும். நாதர் டப்பாவை மூன்று முறை ஊதித் தருவார். காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் விழுங்கிவிட்டு மல்லாக்கப் படுக்க வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் பொடி வேலை செய்யாது. பொடி வேலை செய்யாவிட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி சாப்பிட்டவர்தான்.

அப்படிச் சாப்பிட்டவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் சாலையில் ஒரு கீறல் வாங்காதவர், பரணிலிருந்து சூட்கேஸ் எடுக்கப் போய் ஸ்டூலோடு விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. இரண்டு மாதத்தில் டிப்போவில் பரிசோதனை: பிரேக்கை முழுசாக மிதித்து, விடாமல் பிடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஸ்டியரிங் போச்சு. கேட்டில் நாற்காலி போட்டு, உள்ளே வரும் வண்டிகளின் நம்பரை எழுத வேண்டியதுதான். அந்த நாற்காலி அவர் கனவில் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் சொன்ன யோசனையில் மகிமை எதுவும் இல்லை. சத்தாகச் சாப்பிடுங்கள், அது மட்டும் போதாது, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துங்கள், காலைத் தூக்கி இறக்குங்கள், பத்துப் பத்தாக, தினமும் நாலு வேளை என்றார். அது வலித்தது. பொடி வலிக்கவில்லை. டிரைவர் பொடிப் பக்கம் போய்விட்டார்.

அவர் மனைவி தையல்காரர். முதல் நாள் நாதர் டிரைவரின் தொடையை அளந்து இருபது இஞ்ச் என்று அறிவித்தபோது அந்த அம்மாவும் தலையாட்டினார். அவருடைய அளவு நோட்டிலும் இருபதுதான். மூன்று வாரம் கழித்து புருஷனுக்கு பேன்ட் மாட்டிவிட்டபோது, வலது தொடையில் துணி தொளதொளவென்று ஆடியது. விரலால் பிடித்துப் பார்த்தார். இரண்டு இஞ்ச் கையோடு வந்தது.

“என்னங்க, கால் இளைச்சுப் போச்சு.”

“கால் அப்படியேதான் இருக்கு. நீ தைச்சது லூசு.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்த அம்மா விட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மறு அளவை விழா. தலைமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாதரின் முதல் பக்தர். டிரைவரைத் தாங்கிப் பிடித்து மேடையில் உட்கார வைத்தார்கள். நாதர் கோட்டின் வலது பையிலிருந்து டேப்பை எடுத்தார். நுனியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு தொடையைச் சுற்றினார். இருபது, ஒரு நூல்கூடக் குறையவில்லை என்றார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. டிரைவர் மனைவியைப் பார்த்த பார்வையில், கல்யாணம் ஆன நாளிலிருந்து தோற்ற எல்லா வாக்குவாதத்தையும் வட்டியோடு ஜெயித்த பெருமிதம் இருந்தது.

தையல்காரம்மா எழுந்து மேடைக்கு வந்து, அங்கே கிடந்த தட்டச்சுப் பள்ளி மேசையைக் காட்டினார். “ஐயா, அந்த மேசைக்காலையும் கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்.”

“மேசைக்கால் எதுக்கும்மா?”

“அதுவும் ரொம்ப வருஷமா அசையாமத்தான் நிக்குது.”

கூட்டம் சிரித்தது. தையல்காரம்மா கழுத்தில் கிடந்த தன் டேப்பை மேசையின் உருண்டைக் காலில் சுற்றி, தலைமையாசிரியரைப் படிக்கச் சொன்னார். பன்னிரண்டு. நாதருக்கு வெற்றி தேடித் தரும் ஆவேசத்தில் தலைமையாசிரியரே நாதர் கையிலிருந்த டேப்பை உருவி, அதே இடத்தில் சுற்றினார். பதினாலு.



“மேசைக்கு எத்தனை ஸ்பூன் குடுத்தீங்க?” என்று கேட்டார் தையல்காரம்மா.

முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கண் அல்லவா, தலைமையாசிரியர் டேப்பின் நுனியைத் திருப்பிப் பார்த்தார். பித்தளைத் தகடு இருந்தது. அதையடுத்து வந்த முதல் எண் மூன்று. இரண்டு இஞ்சை வெட்டிவிட்டுத் தகட்டைத் திரும்பப் பொருத்தியிருந்தது. ஒழுங்கான டேப் கோட்டின் இடது பையில் எட்டிப் பார்த்தது. அது முதல் நாளுக்கு.

மரத்துக்கும் ஜீவன் உண்டு என்று நாதர் ஆரம்பித்தார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த நிமிஷம், மேடையில் வைத்திருந்த தோல்பையைக்கூட எடுக்காமல் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். பக்தர்கள் துரத்தத்தான் நினைத்தார்கள். ஒரு மாதம் படுத்தே கிடந்தவர்கள், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. முதல் ஆள் கைப்பிடியைப் பிடித்து இரண்டாவது படியில் காலை வைப்பதற்குள் நாதர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே டிரைவர் துண்டைச் சுருட்டினார். ஏழுக்கு மேல் போகாமல் முனகினார்.

“நான் காலையிலேர்ந்து மிதிக்கிறேன். நீங்க பத்து மிதிங்க” என்றார் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமலே.

மூன்றாவது வாரம், தையல்காரம்மா பிரிக்காத இரண்டு பொடி டப்பாக்களைத் துணிப்பையில் போட்டு அவர் கணுக்காலில் கட்டிவிட்டார். அதைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் தொடை தேறியது. ஆகவே பொடியால் சதை வளர்ந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். டிப்போவில் டிரைவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தார். பரிசோதகர் போதும் என்று சொல்லியும் விடவில்லை.

காலைப் படுக்கப் போட்டால் இளைக்கும். அறிவும் அப்படித்தான், ஆனால் அது எத்தனை இஞ்ச் இளைத்தது என்று அளந்து சொல்ல ஆளில்லை. அதனால் அதையும் தினமும் பத்துத் தடவையாவது தூக்கி இறக்குங்கள்.

தசைநாதர் தன் தோல்பையை எடுத்துப் போகத் திரும்பி வரவே இல்லை. தலைமையாசிரியர்தான் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு ஸ்கிப்பிங் கயிறு இருந்தது. கைப்பிடி இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன.