தாலிக்கு முந்திய கெட்டிமேளம்

டொக்டருக்கு முன்னால் அழகாகத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவர் சொல்வதைக் கேட்பது வேறு வேலை. அதை நான் ஒருநாளும் பொறுப்பெடுத்ததில்லை.

அண்ணாவின் கலியாணம் நெருங்கிய அந்தக் கோடையில், எனக்கு மாதவிடாய் பல மாதங்களாக எட்டியே பார்க்கவில்லை. (வராமல் இருந்தால் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்ட புத்திசாலி நான்தான்.) அம்மாவுக்குத் தெரிந்ததும் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

இரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போது, "பிள்ளை தங்கியிருக்கோ எண்டும் ஒருக்காப் பாக்கவேணும்" என்றார் டொக்டர்.

அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஐயோ, இவள் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை!"

"ஆர் வந்தாலும் பாக்கிறதுதான் அன்ரி. பாக்காமல் பீரியட்ஸ் வரவைக்கிற குளிசை குடுக்கேலாது."

இரத்தம் உறையும் நோய், ஈரல் நோய் ஏதும் உண்டா, வேறு மருந்து எடுக்கிறேனா என்று அடுத்தடுத்துக் கேட்டார். கேள்வி என்னிடம், பதில் அம்மாவிடமிருந்து. "எங்கட பரம்பரையில அப்பிடி ஒண்டும் இல்லை." பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு ஹோர்மோன் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, எழுதித் தந்தார்.

"தந்ததை முழுக்கப் போட்டு முடியுங்கோ. முடிச்சுச் சில நாளில பீரியட்ஸ் வரும். இடையில நீங்களா நிப்பாட்டாதேங்கோ, சரியோ?"

"ஓம் டொக்டர்."

கண் அவர் மேல்தான் இருந்தது. மனம் சேலைக்குப் பொருத்தமான ஜிமிக்கி தேடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தங்கை அல்லவா? மணவறையில் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் தோழி நான்.

கலியாணத்துக்கு முந்திய புதன்கிழமை, குளிசை பாதி முடிந்த நிலையில், எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டாள். இது பீரியட்ஸை வரவைக்கிற குளிசை. ஆகவே போட்டால் வரும், போடாவிட்டால் வராது. இவ்வளவு சுலபமான விஷயத்தைப் படிக்கவா டொக்டர்கள் இத்தனை வருஷம் செலவழிக்கிறார்கள்?

"அம்மா, நான் குளிசையை நிப்பாட்டுறன். கலியாணம் முடியப் போடுவன்."

"டொக்டரிட்டக் கேட்டனியே?"

"உதுக்கெல்லாம் ஆரும் போன் எடுப்பினமே?"

ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோ மண்டபம் நிரம்பி வழிந்தது. பொம்பிளை கூறைச்சேலை மாற்றி வந்து உட்கார்ந்தாள். தாலியைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக மண்டபம் முழுக்கக் கொண்டுபோனார்கள். மேளம் ஓய்ந்திருந்தது.

அடிவயிற்றில் ஒரு பிடி. அடுத்த நிமிடம் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. என் சேலையோ சந்தன நிறம்.

அம்மா ஐயருக்கு அந்தப் பக்கம் நின்றார். ஐயரின் தோளுக்கு மேலால் எட்டி இரகசியமாகச் சொன்னேன்.

"அம்மா, வந்திட்டுது!"

ஐயரின் சால்வையில் மைக் குத்தியிருந்தது. என் இரகசியம் மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது.

தாலித்தட்டுக்காகக் காத்திருந்த மேளக்காரர் பாவம், வேறு என்ன நினைப்பார்? கெட்டிமேளம் முழங்கிவிட்டது. சனம் எழும்பி அறுகரிசியை வாரி வீசியது. அண்ணா வெறுங்கையோடு முழித்துக்கொண்டிருந்தார். தாலியைக் கடைசி வரிசையில் ஒரு அன்ரி கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்கோ! தாலி எங்க?" என்று ஐயர் அலறினார்.

அம்மா பதறிப்போய் அதே மைக்குக்குக் கிட்டவாகக் குனிந்து, "தாலி இல்லை ஐயா, இவளுக்குத்தான் வந்திட்டுது!" என்று விளக்கம் கொடுத்தார்.

மண்டபத்தில் எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அதன் பிறகு யாரும் தங்களைக் கட்டுப்படுத்தவில்லை. நேரடி ஒளிபரப்பில் லண்டனும் சிட்னியும் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பொம்பிளைதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "மச்சாள், டிரெஸ்ஸிங் ரூமில என்ர சிவத்த பாக்கில பாட் இருக்கு. ஓடுங்கோ." அண்ணா தன் சால்வையை உருவித் தந்தார். இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஒரே அண்ணா தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. கழிவறைக்குள் நின்று இரண்டாவது கெட்டிமேளத்தைக் கேட்டதோடு சரி.

அடுத்த கிழமை டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குளிசை போடேக்க வராது. நிப்பாட்டினால்தான் வரும். குளிசை தன்ர வேலையைச் சரியாச் செய்திருக்கு." யார் செய்யவில்லை என்பதை மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார். "கலியாணம் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், துடங்கிற நாளை மாத்தித் தந்திருப்பனே?"

இந்தமுறை காதால் கேட்டேன். அவர் சொன்னபடியே திரும்பத் தொடங்கி முடித்தேன். மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிட்டது. என் மானம்தான் இன்னும் வரவில்லை.

அண்ணா குடும்பம் இப்போது விட்பியில் இருக்கிறது. நான் போய் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மச்சாள் உள்ளேயிருந்து, "வந்திட்டுது!" என்று கத்துவாள். அண்ணா சாப்பாட்டு மேசையில் கெட்டிமேளம் அடிப்பார். அவர்களுடைய குட்டி மகள், காரணம் ஒன்றும் தெரியாமல், கிண்ணத்திலிருந்து கோர்ன்ஃபிளேக்ஸை அள்ளி என் தலையில் போட்டு ஆசீர்வதிப்பாள்.