அவித்த முட்டைப் பரணி

வாழ்க நசிமியு! புங்கோமா பேருந்து நிலையத்துப் புகைசூழ் வடவாயிலில், கதிரவன் கண்விழிக்கும் முன்னே கரியடுப்பு மூட்டி, அலுமினியக் குண்டான் ஏற்றி, எண்பது முட்டைகளை வெந்நீராட்டி எடுத்து, வேண்டுவோர் வந்து நின்றதும் ஒரே உருட்டில் ஓடு களைந்து, ஒரே கீற்றில் நெஞ்சு பிளந்து, வெங்காயமும் தக்காளியும் பச்சை மிளகாயும் பொடியாய் அரிந்த கச்சும்பரியை அப்பிளவில் அடைத்து நீட்டும் பசிப்பகை முடித்த பத்துவிரல் கொற்றவை வாழ்க! இதைப் பாடும் நான் கிடாலே வழித்தடச் சிற்றுந்தின் நடத்துநன். நாள்தோறும் அவள் கையால் இரண்டு முட்டை தின்பவன். ஆகவே என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

மின்சாரமே, இக்காவியம் முடியும்வரை போகாதிருந்து அருள்க! ஒலிவாங்கியே, இரையாது காத்தருள்க! கூட்டத்துக்கு வந்தோர்க்கெல்லாம் இலவசமாய் வழங்கப்படும் சோடாவே, கடைசி வரிசைவரை எழுந்தருள்க! சென்ற முறை நீ மூன்றாம் வரிசையோடு தீர்ந்துவிட்டாய்.

போர் மூண்ட காரணம் கேளீர். நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியே தீர்வதென்று சூளுரைத்த தலைநகரத்து மேதைகள், இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் வருவாய்ச் சீர்திருத்த முன்மொழிவு ஒன்றை ஈன்றெடுத்தனர். அதன் எழுபத்தெட்டாம் பக்கத்து அடிக்குறிப்பில், எறும்பும் கண்ணாடி தேடும் எழுத்தில், இவ்வாறு கண்டிருந்தது: பச்சை முட்டை வேளாண் விளைபொருள், அதற்கு வரியில்லை. அவித்த முட்டையோ பதப்படுத்திய உணவு, அதற்கு வரியுண்டு, அதை ஆக்கும் இடம் தொழிற்கூடம், தொழிற்கூடத்துக்கு ஓடு பதித்த தரையும், மூடிய சாக்கடையும், ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக இரண்டு கழிப்பறையும் கட்டாயம், இல்லையேல் பறிமுதல். நான்கு சக்கரமும் ஒரு குடையும் கொண்ட நசிமியுவின் தள்ளுவண்டி ஒரே அடிக்குறிப்பில் ஆலையாகிவிட்டது. அந்த வண்டி போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

சட்டமாகுமுன் மக்களைக் கேட்டாக வேண்டும் என்பது நாட்டின் விதி. கேட்டதை ஏற்க வேண்டும் என்று விதியில் இல்லை. எனவே ஒரு செவ்வாய்க்கிழமை, சமூகக் கூடத்தில், கருத்துக் கேட்பு எனும் களம் அமைந்தது. தலைநகரிலிருந்து சாம்பல்நிறக் கோட்டுக் காவலர், படவீழ்த்தி பிரியாச் செம்மல், அதிகாரி கியாலோ எழுந்தருளினார். இரண்டரை மணி நேரம் வரவேற்புரை, வாழ்த்துரை, தொழுகையுரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. மக்கள் பேச எஞ்சியது இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தையும் கவர்ந்துகொள்ள எழுந்தார் பராசா. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒலிவாங்கி பற்றிய விடாக்கண்டர், மீன்வளக் கூட்டமானாலும் மின்கட்டணக் கூட்டமானாலும் தம் வீட்டெதிரே உடைந்த சிறுபாலத்தைப் பற்றியே முழங்கும் பேராண்மையாளர். பாலம் உடைந்த ஆண்டில் தொடங்கி அவர் மெல்ல நிகழ்காலத்தை நோக்கி நடந்துவர, கடிகாரமோ ஓடியது. கூடையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்த நம் நாயகி எழுந்தாள். புயலெனப் பாயவில்லை, வாளெடுத்து வீசவில்லை. ஒரு முட்டையை உரித்தாள், கச்சும்பரி அடைத்தாள், அவர் மூக்கருகே நீட்டினாள்.

"வாத்தியாரே, காலையிலேருந்து வெறும் வயித்தோட பேசுறீங்களே. ஒரு வாய் தின்னுட்டுப் பேசுங்க."

வலக்கை முட்டைக்கு நீண்டது. ஒலிவாங்கி இடக்கைக்கு மாறியது. வாய் திறந்தது, கடித்தது, மூடியது. மூடிய அந்தக் கணத்தில் இடக்கை வெறுங்கை ஆனது. நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் எந்த மாணவராலும் செய்ய முடியாததை ஒரு முட்டை செய்து முடித்தது.

"ஐயா," என்றாள் ஒலிவாங்கியைக் கைப்பற்றிய நசிமியு, கியாலோவைப் பார்த்து. "பச்சை முட்டைக்கு வரியில்ல, அவிச்சதுக்கு உண்டுன்னு போட்டிருக்கீங்க. ஏன்?"

"அம்மா, இது ரொம்ப சுலபம். ஒரு பொருள் இயற்கையா இருந்த நிலையிலேருந்து மாறிட்டா அது பதப்படுத்தினது. அவிச்சா முட்டை மாறிடுதில்ல?"

"மாறினது எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுமேம்மா!"

அந்தோ, கியாலோவே! இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் இல்லாத ஒரு சொல்லை ஏன் உதிர்த்தீர்? நசிமியு மேடையேறினாள். கூடையிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து, விரிந்து கிடந்த முன்மொழிவின் இருபுறமும் வைத்தாள்.

"ஒண்ணு வரி கட்டுற முட்டை. ஒண்ணு கட்டாத முட்டை. எது எதுன்னு சொல்லிட்டீங்கன்னா வண்டியை நானே தள்ளிட்டு வந்து உங்ககிட்ட விட்டுடறேன்."

பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டமும் அயல்நாட்டுப் பயிற்சியும் பெற்ற அந்த ஆண்டகை, இரண்டையும் ஏந்தினார், எடை பார்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார், காதருகே குலுக்கினார். இடப்புறத்ததைத் தேர்ந்தார். "இதுதான் அவிச்சது!" என்று முழங்கி, மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

எழுபத்தெட்டாம் பக்கம் மஞ்சளாயிற்று. மேசை விளிம்பில் வழிந்து, அடிக்குறிப்பை நனைத்து, எஞ்சியது கோட்டின் மடியில் இறங்கியது. வெளியே சன்னலைப் பற்றி நின்ற போடாபோடாப் படை, அதாவது வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் கூட்டம் (பெயர்தான் அப்படி, மரியாதைக்காரர்கள்), கூரை அதிர ஆர்ப்பரித்தது.

"சார், அதுக்கு வரியில்ல சார்! கவலப்படாம தொடைச்சுக்கோங்க!"

நசிமியு சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்.

"ஐயா, நான் ஆலை இல்ல. ஒரு குண்டான், ஒரு கத்தி, ஒரு வண்டி. ரெண்டு கக்கூஸ் கட்டினாத்தான் முட்டை அவிக்கலாம்னா, எங்க கட்டுவேன்? வண்டிக்கு அடியிலயா?"

கியாலோ கைக்குட்டையால் மடியைத் துடைத்தபடி, கருத்து ஆழ்ந்து பரிசீலிக்கப்படும் என்று பிரகடனம் செய்தார். அன்று நசிமியுவை நாங்கள் ஊர்வலமாய் அழைத்துவந்தோம். நாற்பது மோட்டார் சைக்கிள்கள் ஊதின. என் வண்டியோ கிடாலேக்கு இரண்டு நடை போகவில்லை, முதலாளி திட்டினார், அந்தத் திட்டையும் விழுப்புண்ணாகவே ஏற்றுக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது. மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த சீர்திருத்தம் என்று வானொலியில் அமைச்சர் ஒருவர் நெஞ்சுருகினார். பார்வையால் வேறுபடுத்த இயலாத பொருள்களுக்கு வேறு வேறு வரி விதித்தல் முறையாகாது என்ற புங்கோமா மக்களின் நுண்ணிய வாதம் ஏற்கப்பட்டதாம். ஆதலால் ஓடு நீங்காத முட்டை, அவித்ததாயினும் அவியாததாயினும், வேளாண் விளைபொருளே. ஓடு நீங்கிய கணத்திலேயே அது பதப்படுத்திய உணவாகும். உரிக்கும் இடம் தொழிற்கூடமாகும். அந்த இரண்டு கழிப்பறையும் ஒரு செங்கல் குறையாமல் அப்படியே இருந்தன.

நசிமியு அதை இரண்டு முறை படித்தாள். கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றி, வண்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள். பேரரசுகளை ஒற்றை முட்டையால் வீழ்த்தியவளே, விடாக்கண்டர் வாயடைத்தவளே, அடிக்குறிப்பை மஞ்சள் நீராட்டியவளே, உன் வெற்றிப் பரணியை எவ்விதம் பாடி முடிப்பேன் என்று கண் கலங்கி நான் கை நீட்ட, வெற்றிவேல் விரல்களால் அவள் ஒரு முழு முட்டையை என் உள்ளங்கையில் வைத்து, கச்சும்பரியைத் தனிக் காகிதத்தில் மடித்துத் தந்தாள்.

இப்போதெல்லாம் முட்டையை நாங்களே உரித்துக்கொள்கிறோம்.