துபாயிலிருந்து கரிப்பூருக்கு எவ்வளவு நேரம்?

சொந்த ஊரான அரீக்கோட்டு அணி, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தாட்டத்தில் ஃபைனலுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே ஹம்சக்கோயா துபாயில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். ஆறு வருஷமாக ஒரு ஃபைனல்கூடப் பார்க்காத மனுஷன். ஆட்டம் மாலை ஏழரைக்கு. விமானம் கரிப்பூரில் இறங்குவது ஆறரைக்கு. மைதானத்தில் அவனுக்கு ஓர் இடம் பிடித்து வைக்க நண்பன் சைதலவி இருந்தான்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். கல்ஃபிலிருந்து வருகிறவனை அழைக்க ஜீப் நிறைய ஆள் வரும். நேரே மாமியார் வீடு, பிரியாணி, எத்தனை வருஷமானாலும் குறையாத புது மாப்பிள்ளை மரியாதை. வழியில் ஒண்ணுக்குப் போக இறங்கினால்கூட இரண்டு பேர் காவலுக்கு வருவார்கள்.

ஆகவே மனைவி ரம்லத்துக்குப் போனில் ஒரு கணக்குச் சொன்னான்.

“ஒரு மணிக்கு இங்க கிளம்புது. அஞ்சரை மணி நேரப் பயணம். நம்ம ஊர்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால ஓடுதில்ல? அதையும் கூட்டு. எட்டு மணி. பெட்டியை எடுத்துட்டு வெளிய வர ஒம்பதாயிடும்.”

பறப்பதென்னவோ நாலு மணி நேரம்தான். அந்த ஒன்றரையை இரண்டு தடவை கூட்டிவிட்டான்.

“ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அஞ்சரை மணி நேரமா இக்கா? எங்க உப்பா நாலு மணி நேரத்துல வந்துடுவாரே?”

“அது உங்க உப்பா காலம். இப்ப எதிர்காத்து ஜாஸ்தி.”

“அப்பல்லாம் காத்தே கிடையாதாக்கும்! அன்னைக்கு ஃபைனல் வேற இருக்குதே?”

“ஃபைனலா? எந்த ஃபைனல்?” என்றான் ஹம்சக்கோயா.

விமானத்தில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிரே திரையில் குட்டி விமானம் கடலைவிட்டு நகர மாட்டேன் என்றது. பெல்ட்டைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

“போகணும்னா போயிட்டு வா மோனே, அடக்காதே” என்றார் பக்கத்துப் பெரியவர்.

இறங்கியதும் பெட்டியை வாரிக்கொண்டு டாக்ஸியில் விழுந்தான். மைதானத்து வாசலில் சைதலவி பரிதாபமாக வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது.

“எங்கடா என் இடம்?”

“நீ எட்டு மணிக்குத்தான் இறங்குவேன்னு ரம்லத்து சொன்னாளேடா, எதிர்காத்துன்னு! சும்மா கிடக்கிற இடம்தானேன்னு அவளுக்குக் குடுத்துட்டேன். உன் மாமியாருக்கு என் இடம்.”

“மாமியாருமா!”

“ஜீப்பே வந்திருக்கு. மத்தவங்க டிக்கெட் வாங்கிட்டாங்க. அதோட டிக்கெட்டும் தீந்து போச்சு.”

ஹம்சக்கோயாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வருஷத்து ஆசை, ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டான்.

“இக்கா, எங்க இருக்கீங்க?”

“கடலுக்கு மேல. இன்னும் பறந்துட்டுத்தான் இருக்கேன்.”

தடுப்புக்குப் பின்னால் ஊரே அலறியது. ஹம்சக்கோயாவால் தாங்க முடியவில்லை.

“ஐயோ ரம்லத்து, யாரு கோல் போட்டது? நம்மாளா?”

“கடல்ல இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? அங்கேயே நில்லுங்க இக்கா, ஆட்டம் முடிஞ்சதும் ஜீப்புல வந்து ஏத்திக்கிறோம்.”