மாமா முந்திக்கொண்டு கட்டிய பேனர்

பரிசை அறிவிக்கும் முன்பே நன்றியுரையைத் தயார் செய்துவிடுகிற ரகம் நான். குளியலறையில் பக்கெட்டைப் பார்த்து அதைப் பேசியும் பழகியிருக்கிறேன். (பக்கெட் கடைசி வரை அமைதியாகக் கேட்டது.)

சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு விருது. அறிவியலும் தொழில்நுட்பமும் புதுமைகளும் மக்களிடையே எப்படிப் புழங்குகின்றன என்று ஆராய்கிறவர்களுக்கானது. கம்பெனி ஒரு வேலைக்கென்று விற்கிற பொருளை, எங்கள் விழிதியூர் விவசாயிகள் எப்படி வேறொரு வேலைக்குத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டேன்! இணையவழி நேர்காணல் மட்டும்தான் பாக்கி. ஜெயித்தால் ஒரு வருடம் வெளிநாட்டில் ஆய்வு செய்யலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா தன் தம்பி முருகையன் மாமாவிடம் சொன்னார். அதோடு விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது.

நேர்காணலன்று, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் மடிக்கணினியோடு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். மூன்று நடுவர்கள். முதல் கேள்விக்கே வெளுத்து வாங்கினேன். மூன்று தலைகளும் ஆடின. அப்போதுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"பாப்பா! கோணலா இருக்கான்னு பாத்துச் சொல்லு!"

நான் திரும்பவில்லை.

"ஏய் பாப்பா, ஒன்னயத்தான்!"

நடுவர்களின் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரையின் மூலையில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பின்னால், தெருவிளக்குக் கம்பத்தில், என் முகம் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணத்தில் ஐஸ்கிரீமும் கையுமாக எடுத்த போட்டோ. பக்கத்தில், என்னைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுப் போன் பேசும் மாமா. கீழே: 'அகில இந்திய விருதை வென்ற எங்கள் குலவிளக்கே, வருக!'

தமிழ் தெரிந்த நடுவர் அம்மா அதை வாய்விட்டே படித்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்களாமே! எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையேம்மா?"

"மேடம்... அது... எங்க மாமா" என்றேன். அதற்குப் பிறகு கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் ஏறக்குறைய இதே பதிலைத்தான் சொன்னதாக ஞாபகம்.

கீழே ஓடிப்போய்க் கத்தினேன். மாமா ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. "நாளைக்கு முகூர்த்த நாளு பாப்பா. பிளெக்ஸ் கடையில கூட்டமா இருக்கும்னுதான் முன்னாடியே அடிச்சுட்டேன். ஒனக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கப்போவுது?"

வேறு யாருக்கோதான் கிடைத்தது. அழுதேன், நன்றாகவே அழுதேன். மாமா தானே பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அறுவடையில், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அப்பா தார்ப்பாயைத் தேடி ஓடினார். அம்மாவோ அந்த பேனரை இழுத்துவந்து நெல்மேல் போர்த்திவிட்டார். ஒரு மணிகூட நனையவில்லை! (என் ஆய்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? அதற்குள் ஆய்வேடு அச்சாகித் தொலைத்திருந்தது.)

இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது மேகம் கறுத்துவிட்டால் போதும், மாமா வாசலில் நின்று கத்துவார்: "பாப்பா, மழ வருது, ஒன் விருத எடுத்துட்டு ஓடியா!"

நானும் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.