ஒரு வீடு, ஒரு தலைவர்

‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுதிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்திருக்கக் கூடாது.

"ஏன் மேடம், அது சரியில்லையா?" என்றார் கணவர்.

"சரி தப்புன்னு எதுவும் இல்ல சார். நீங்க சொல்றதுதான்."

"இல்ல, ஒரு மாதிரி பாத்தீங்க." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பொம்பளைங்க பொறுப்புல இருந்தாதான் வீடு சுத்தமா இருக்கும்னு நெனைக்கிறாங்க போல. மேடம், இவளையே தலைவின்னு போட்டுக்குங்க."

"பத்து வருஷமா வராத புத்தி," என்றாள் மனைவி. "அவர் மனசு மாறுறதுக்குள்ள எழுதிடுங்க மேடம்."

அவள் ‘கணவர்’ என்ற சொல்லின் மேல் வெள்ளை மை பூசி, காயும்வரை ஊதினாள்.

அவள் படித்தது இயற்பியல். கிடைத்தது இந்தத் தற்காலிக வேலை. ஒரு வீட்டுக்குள் பணம், அதிகாரம், கடவுள் மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்று சமூகவியல் துறை ஒன்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்காகப் பன்னிரண்டு பக்கப் படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பிவிடுவார். அவளுடையது ஏற்கெனவே இரண்டு திரும்பிவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காலையில்தான் சொன்னார், டீயை ஆற்றிக்கொண்டே.

பட்டியலில் இந்த மாடி வீடு கடைசி. கதவைத் திறந்தவர் ஒரு பெரியவர். "கொஞ்சம் கேள்வி கேக்கணும் ஐயா," என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், திரும்பி உள்ளே நின்ற கணவன் மனைவியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வாம்மா. தாராளமா கேளு. ஒண்ணு விடாம கேளு."

இருந்த ஒரே நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு ஜன்னல் மேடையைக் காட்டினார். மற்ற இருவரும் நின்றார்கள். வீட்டில் சாமான் அதிகமில்லை. பேசுவதெல்லாம் லேசாக எதிரொலித்தது. பாவம், வருமானக் கேள்விகளை நோகாமல் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"குடியிருப்புக் காலம்?" என்று அடுத்த கேள்வியைப் படிவத்தில் இருந்தபடியே வாசித்தாள்.

"நீண்ட காலம் மேடம்," என்றார் கணவர். "அடிக்கடி வீடு மாத்துற ஆளுங்க இல்ல நாங்க."

‘பத்தாண்டுக்கு மேல்’ என்பதில் குறி போட்டாள்.

"குளிர்சாதனப் பெட்டி?"

"வச்சுக்கலாமா?"

"வச்சிருக்கீங்களான்னு கேக்குறேன் சார்."

"சின்னதுதான் மேடம். இருக்கிற எடமே தெரியாது."

அப்போது "தண்ணி நல்லாவே வருது" என்றபடி குளியலறையிலிருந்து கணவரின் அக்கா வந்து சேர்ந்தார். வந்ததும் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"இவளையா தலைவின்னு போட்டிருக்கீங்க? அடுப்புல பாலை வச்சிட்டு அடுத்த வீட்டுல கதை பேசுறவ. ஒரு வருஷத்துல சுவரெல்லாம் கரியாயிடும்."

"அண்ணி, மேடம் முன்னாடி எதுக்கு சுவரைப் பத்தி?" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

"உள்ளதைச் சொன்னேன். இவனை வளர்த்து ஆளாக்கினவ நான். என்னைப் போடுங்க."

கட்டத்தில் வெள்ளை மை மேடு கட்டிவிட்டது. மூவரையும் சேர்த்து வைத்துக் கேட்பதுதான் தொல்லை என்று அவளுக்குத் தோன்றியது. பயிற்சி வகுப்பில் தனித்தனியாக விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பால்கனிக்கு அழைத்தாள்.

"பணத்தை யார் சார் பாத்துக்கிறாங்க?"

"நான்தான். முதல் தேதி தவறவே தவறாது."

அடுத்து மனைவி வந்தாள். "அவரா? சட்டைப் பையில இருக்கிறதே அவருக்குத் தெரியாது. நான்தான் மேடம். முதல் தேதின்னா முதல் தேதி."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டும் ஓட்டைக் கை. எதுன்னாலும் என்னைக் கேளுங்க. முதல் தேதி காலையில எடுத்து வச்சிடுவேன்."

முதல் தேதி விஷயத்தில் மட்டும் அந்தக் குடும்பத்தில் அப்படி ஓர் ஒற்றுமை. அது ஏன் என்று கேட்கப் படிவத்தில் கேள்வி இல்லை.

கடவுள் பக்கம் போனாள். அது இன்னும் மோசம்.

"உங்க நம்பிக்கை என்ன சார்?"

"எது உங்களுக்குத் தோதுப்படும்?"

"எனக்கு இல்ல சார். உங்களுக்கு."

"பக்தி உண்டு மேடம். ஆனா சத்தமில்லாத பக்தி."

"பக்தியா?" என்றாள் மனைவி. "அவ்வளவா இல்ல. படம் மாட்டினாகூட ஆணி அடிக்க மாட்டோம்."

"நான்தான் இவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிடுறேன்," என்றார் அக்கா. "அது போதாதா, இல்ல அதிகமா?"

உள்ளே வந்து பக்கங்களைப் புரட்டினாள். ஒரே வீட்டில் மூன்று தலைவர்கள், மூன்று கருவூலங்கள், கூடியும் குறைந்தும் ஒரு கடவுள். மேற்பார்வையாளர் டீயை ஆற்றுவது கண்ணுக்குள் தெரிந்தது. இந்த மாதம் மட்டுமாவது வேலை நிலைத்தால்தான், அரசுத் தேர்வு எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று, அவள் தங்கியிருக்கும் சித்தி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

"தயவுசெஞ்சு மூணு பேரும் பேசி ஒருத்தரைச் சொல்லிடுங்களேன்," என்றாள். "வேணும்னா கை தூக்கிக்கூட முடிவு பண்ணலாம்."

அன்றைய நாளில் அவள் செய்த பெரிய தவறு அதுதான். மூவரும் தங்களுக்குத் தாங்களே கை தூக்கினார்கள். பிறகு பேரம் தொடங்கியது.

"அண்ணி, நீங்க எனக்குத் தூக்குங்க. கிழக்கு ஜன்னல் இருக்கிற ரூம் உங்களுக்கு."

அக்கா கையை மனைவி பக்கம் சாய்த்தார்.

"அக்கா, அந்த ரூமோட பால்கனியும் தர்றேன்," என்றார் தம்பி.

கை தம்பி பக்கம் வந்தது.

"ஏங்க, பால்கனியில நான் செடி வைக்கிறதா பேச்சு."

"அது நீ தலைவியா இருந்தப்போ."

"அலமாரியும் சேர்த்து யார் தர்றீங்க?" என்றார் அக்கா, கையை நடுவில் நிறுத்திக்கொண்டு.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் வீட்டில் இன்னும் யாருக்கு எந்த அறை என்று முடிவாகவில்லையே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. அதை எழுதவும் கட்டம் இல்லை. சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. மனைவி, பால்கனியில் போய் நின்று, இனி இது தன் பகுதி என்று அறிவித்துவிட்டாள்.

அவளுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான், இவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் ரசித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணில் பட்டார். இவரைக் கேட்கவே இல்லையே.

"ஐயா, நீங்க சொல்லுங்க. இந்த வீட்டுல யார் சொல்றது நடக்கும்?"

"நான் சொல்றதுதான்," என்றார் பெரியவர்.

கணவர் கையைக் கட்டிக்கொண்டார். மனைவி பால்கனியைக் கைவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆமா மேடம். ஐயா சொல்றதுதான்."

"ஐயா பேச்சை மீற மாட்டோம்."

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் அக்கா.

சில வீடுகளில் அப்பாவை ஐயா என்று கூப்பிடுவது உண்டு. அவள் அவசரமாக எழுதினாள். "அப்போ பணம்?"

"ஐயா கையிலதான் குடுப்போம்."

"யார் வரலாம், போகலாம்னு?"

"ஐயா அனுமதிச்சா."

"கடவுள், வழிபாடு எல்லாம்?"

மூவரும் பெரியவரின் முகத்தைப் பார்த்தார்கள். "ஐயாவுக்கு எது வழக்கமோ அதுவே எங்களுக்கும்," என்றார் கணவர்.

இரண்டு வாரமாக இப்படி ஒரு படிவம் அமைந்ததில்லை. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே பதில். பணம், அதிகாரம், கடவுள் மூன்றும் ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. பழைய பதில்களையெல்லாம் வெள்ளை மையால் மூடினாள். கடைசிப் பக்கத்தில் பெரியவர் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மேற்பார்வையாளர் இதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்.

"ரொம்ப நன்றி ஐயா," என்றாள் எழுந்து. இரண்டு வாரத்தில் முதல்முறையாகக் குரல் தயங்காமல் வந்தது. "உங்க குடும்பம் மாதிரி கட்டுக்கோப்பான குடும்பத்தை நான் எங்கேயும் பார்க்கல."

பெரியவர் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அதுக்குள்ள கிளம்பாதம்மா, என் வீட்டை வாடகைக்குப் பாக்க நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் வருது, அவங்களையும் இதே மாதிரி கேட்டுக் குடுத்துட்டுப் போ."