வேலுசாமி கடைக்கு ஒரு மணி வரை அனுமதி கூடாது

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
ஜூலை 2003, திங்கள் இரவு

அன்புள்ள மாப்பிள்ளை ராபினுக்கு, உன் மச்சான் பாக்கியராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மகள் டெய்சியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். டெய்சி சுகம், என்னைப் பற்றிக் கீழே படித்துக்கொள். உன் மனைவியும் பச்சைப்பிள்ளையும் நலமா? பேறுகாலம் பார்க்க நிலக்கோட்டை வந்த உன் அக்கா, மல்லிகை வாசத்தில் நன்றாகத் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டேன். குடும்பத்தில் ஒருவராவது தூங்குவது எனக்கு ஆறுதல்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு எதிரே வேலுசாமி பார்சல் கடை வைத்திருக்கிறான் அல்லவா, அவன் பன்னிரண்டு மணி வரை கொத்துப் பரோட்டா விற்றது போதாதென்று, இனி ஒரு மணி வரை திறக்க அனுமதி கேட்டு நகராட்சியில் மனு போட்டிருக்கிறான். நியாயம்தான், நள்ளிரவில் சால்னா கிடைக்காமல் இந்த ஊரில் எத்தனை உயிர் போகிறதோ யார் கண்டது. அந்தக் கடையில் ஜெகபர் அலி என்று ஒரு மாஸ்டர். இரண்டு இரும்புக் கரண்டியை வைத்துக்கொண்டு அவன் கல்லில் கொத்துகிற கொத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி கூடவே தாளம் போடும். அது போதாதென்று தெருவுக்கு ஒரு சேவை வேறு. பார்சல் சொன்னவர்கள் கடையில் நிற்க வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய்விடலாம். தயாரானதும் கரண்டியால் கல்லில் தட்டுவான், வீட்டுக்கு ஒரு தட்டு என்று வைத்திருக்கிறான். வாத்தியார் சூசைராஜ் வீட்டுக்கு இரண்டு நீட்டி ஒன்று குறுக்கி, சுந்தரம்மாள் வீட்டுக்கு ஓட்டமாக நாலு. தட்டு விழுந்ததும் அந்தந்த வீட்டார் எழுந்து வந்து பொட்டலத்தை வாங்கிப் போகிறார்கள். நான் ஆயுள் முழுக்கத் தபால் துறையில் இருந்தவன், இவ்வளவு ஒழுங்காக நாங்கள் பட்டுவாடா செய்ததே கிடையாது.

நான் அங்கே ஒரு முட்டைகூட வாங்கியதில்லை. ஆனாலும் எனக்கென்று ஒரு தட்டு வைத்திருக்கிறான் மகராசன். தினமும் பதினொரு மணி வாக்கில் வெறுங்கல்லில் டங், டங், டங் என்று மூன்று. கல்லில் மாவும் இல்லை, முட்டையும் இல்லை, நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், அந்த வன்மம், வேறென்ன. நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு அவனைக் கிழிக்கலாம் என்று கீழே இறங்கி வருவேன். வந்தால் அதே நேரத்துக்கு ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து கடைசி டவுன் பஸ்ஸில் வந்த டெய்சி கேட்டுக்கு வெளியே நிற்பாள். வயதுப் பெண்ணைத் தெருவில் நிறுத்திவிட்டுச் சண்டை போட முடியுமா? கேட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டுப் பூட்டுவதோடு கோபம் போய்விடும். அவனோ ஒன்றும் தெரியாதவன் போல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். காலிங் பெல் போன மழையில் செத்துப் போனது, நான் பழுது பார்க்கவில்லை. தூக்கமே இல்லாதவனுக்கு எதற்கு பெல்?

வீடு வீடாகப் போய் ஆட்சேபணை மனுவில் கையெழுத்துக் கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. நம் தெருவில் இவ்வளவு பொதுநலமா என்று கண் கலங்கிவிட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் சூசைராஜ் எழுந்தார். "சால்னா முன்ன மாதிரி இல்ல சார், தண்ணியா இருக்கு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அடுத்து சுந்தரம்மாள். "அம்புட்டு வீட்டுக்கும் வெங்காயம் வைக்கிறாங்க, எங்களுக்கு மட்டும் இல்லைங்கிறாங்க. ஒரு மணி வரைக்கும் தெறக்கட்டும்யா, ஆனா வெங்காயத்துக்கு ஒரு உத்தரவு போடுங்க." அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, சத்தம் எப்படி என்று கேட்டார். எந்தச் சத்தம் என்று தெருவே திருப்பிக் கேட்டது. "நீங்க வேணா காதுல பஞ்சு வச்சுக்கங்களேன் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடையை ஆய்வு செய்யப் போனார். திரும்பும்போது அவர் கையில் ஒரு கோப்பும் ஒரு பார்சலும் இருந்தன. எதை முதலில் பிரித்தார் என்று நீயே யோசித்துக்கொள்.

ஆனாலும் கடவுள் இருக்கிறார். வேலுசாமியின் பழைய உரிமத்தில் பத்து மணி வரை என்றுதான் இருக்கிறதாம், இத்தனை வருடமாக யாரும் படித்துப் பார்க்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை நகர்மன்றக் கூட்டம் முடிவு செய்யும்வரை பத்து மணிக்குக் கடையை மூட வேண்டும் என்று உத்தரவு. இன்று முதல் அமல். இதை எழுதும்போதே ஷட்டரை இறக்கிவிட்டார்கள், விளக்கையும் அணைத்தாயிற்று. எங்கள் வார்டு கவுன்சிலர் உன்னோடு படித்தவர்தானே. வெள்ளிக்கிழமை அனுமதி கூடாது என்று அவர் பேச வேண்டும். உடனே போய்ப் பார். என் மிச்ச ஆயுள் உன் கையில் இருக்கிறது.

பிள்ளையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. உன் மனைவியை வெந்நீரில் குளிக்கச் சொல். உன் அக்காவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல், நம்பமாட்டாள். அந்தோணியார் உங்கள் எல்லாரையும் காப்பாராக. நான் தூங்கப் போகிறேன்.

இப்படிக்கு
பாக்கியராஜ்

பி.கு: செவ்வாய் காலை. தூங்கினேன் மாப்பிள்ளை, அதுதான் வினை. டங், டங், டங் என்று கேட்டு விழித்தேன். உத்தரவு வந்த ராத்திரியே இம்புட்டுத் திமிரா என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கேட்டுக்கு வெளியே இருட்டில் டெய்சி நிற்கிறாள், முகமெல்லாம் வெளுத்து. அரைமணி நேரமாகக் கேட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள், தெரு நாய்கள் சுற்றிக்கொண்டு நின்றிருக்கின்றன. பக்கத்தில் ஜெகபர் அலி, கையில் அந்த இரண்டு கரண்டி. வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், பாப்பா வார நேரமாச்சே என்று பேகம்பூரிலிருந்து சைக்கிளை மிதித்து வந்திருக்கிறார். "கல்லு ஆறிப்போச்சு சார், அதான் கேட்டுல தட்டினேன்" என்றார்.

"அந்த மூணு தட்டு நான் பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்னு உங்களுக்குச் சொல்றதுப்பா. வேற எதுக்கு நீங்க என்னிக்காவது எந்திரிச்சு வந்திருக்கீங்க?" என்றாள் டெய்சி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கவுன்சிலரிடம் ஒரு மணி வரை அனுமதி கொடுத்தே தீர வேண்டும் என்று பேசச் சொல். ஆட்சேபணை மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட கிழவன் யார் என்று கேட்டால், யாரோ வெளியூர்க்காரன் என்று சொல்லிவிடு. இந்தப் பின்குறிப்பை மட்டும் உன் அக்காவிடம் படித்துக் காட்டாதே, காலிங் பெல்லைச் சரி பண்ணச் சொல்வாள். எனக்கு அந்த மூன்று தட்டே போதும்.